பட்டியலில் மூன்று பேர்

என் கண்ணுக்கு,

கீரைக்கு அடியில இந்தக் கடிதத்தை வெச்சிருக்கேன். படிக்காமத் தூக்கிப் போட்டுடாதேடி.

எங்க விவசாயிகள் சந்தையிலிருந்து இப்ப கஷ்டப்படுற வீடுகளுக்கு வாராவாரம் காய்கறிப் பெட்டி அனுப்புறோம். பெட்டி கட்டுறது நான்தான். இன்னிக்குப் பட்டியல்ல உன் பேரைப் பார்த்ததும் கட்டிக்கிட்டிருந்த பெட்டியை அப்படியே கீழே வெச்சுட்டேன். பக்கத்துலயே "பெரியவங்க ரெண்டு, குழந்தை ஒண்ணு"ன்னு இருந்துச்சு.

"என்னக்கா, முகவரி தப்பா?"ன்னு வண்டி ஓட்டுறவர் கேட்டார்.

"இல்லப்பா, என் பொண்ணு வீடு."

அன்னிக்கு உங்கப்பா உன்னை வெளியே போகச் சொன்னப்ப, வாயை மூடிக்கிட்டு நின்ன பாவி நான். நீ பசியோட இருக்குறதையும் பிள்ளை பெத்ததையும் பட்டியலைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அடுத்த வாரம் வண்டியில நானும் வர்றேன். நீ கதவைத் திறக்க வேண்டாம். ஜன்னல்கிட்ட குழந்தையைத் தூக்கிக் காட்டு, தெருவுல நின்னே பார்த்துட்டுப் போயிடுறேன்.

உன்னைப் பெத்தவ