எங்கள் டிஸ்கைப் படித்த ப்ளேயர்

வெள்ளிக்கிழமை, இரவு

ஹோம் தியேட்டருக்கு டிஸ்க் ப்ளேயர் வாங்கியாயிற்று. தேர்வு என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைக்காரர் தன் டிஸ்கைப் போட்டுக் காட்டினார். அது எல்லாவற்றிலும் நன்றாகத்தான் ஓடும். நான் பையிலிருந்து எங்கள் கல்யாண டிஸ்கை எடுத்து நீட்டினேன்.

"இது எதுல ஓடுதோ அதக் குடுங்க."

"கீறல் விழுந்திருக்குதும்மா. இப்பல்லாம் யாரு டிஸ்க் பாக்குறாங்க?"

"நாங்க பாக்குறோம். போடுங்க."

புது மாடல் இரண்டும் அதை வெளியே தள்ளிவிட்டன. கூட வந்த என் கணவருக்கு அதில் ஒன்றின் மேல்தான் கண். மூன்றாவதாகப் போட்ட பழைய மாடல் கொஞ்சம் முனகிவிட்டுப் படித்தது. பந்தியில் மாமா, அதாவது இவர் அப்பா, போடும் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"ஏம்பா, இந்த எலைக்கு சாம்பாரு வரல."

இவர் அதையே கட்டச் சொன்னார்.

தொண்டை ஆபரேஷனில் மாமாவுக்குக் குரல் போய்விட்டது. எங்கள் பாப்பா பிறந்தது அதற்குப் பிறகுதான். சாப்பிடும்போது ஏதாவது வேண்டுமென்றால், அவர் வேலை பார்த்த செராமிக் யூனிட்டிலிருந்து வந்த பீங்கான் தட்டை விரலால் தட்டுவார்.

வீட்டில் டிஸ்கைப் போட்டதும் மாமா தலையைக் குனிந்துகொண்டார். போட்டிருக்கக் கூடாதோ என்று அப்போது மட்டும் ஒரு நினைப்பு.

"யாரு தாத்தா கத்துறது?" என்றாள் பாப்பா. மாமா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவள் நம்பவில்லை. திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள்.

ராத்திரி சாப்பாட்டில் மாமா தட்டைத் தட்ட விரலை மடக்கினார். அதற்குள் பக்கத்திலிருந்து பாப்பா அதே அதட்டலோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏம்பா, இந்தத் தட்டுக்கு சாம்பாரு வரல."