வெறும் வயிற்றில் பெருஞ்சீரகத் தண்ணீர்

வெள்ளவத்தை, செவ்வாய் இரவு

இவருக்கு மாதக்கணக்கில் வயிற்று நோ. இன்று காலை ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்ப்பதாக இருந்தது. இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்றிருந்தார்கள்.

"ஏதும் குடிச்சனீங்களோ ஐயா?" என்று நேர்ஸ் கேட்டார்.

"ஒண்டுமில்லை. பெருஞ்சீரகம் ஊறின தண்ணி மட்டும்தான். அது மருந்துதானே."

அடுத்த மாதம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எல்லாம் லண்டனிலிருக்கும் இவருடைய அக்காவின் வைத்தியம். வாய்வுக்கு நல்லது, செமிபாட்டுக்கு நல்லது என்று தினமும் வொயிஸ் மெசேஜ். இன்றும் வந்தது: "தம்பி, டெஸ்ட் நிண்டது நல்லதுக்குத்தான். அதுக்கிடையிலை சுகமாயிடும்."

படுக்கும்போது இவர் சொன்னார்: "நாளைக்கும் கொஞ்சம் ஊறப்போடுமப்பா."

ஊறப்போட்டுவிட்டேன். நாளைக்கு ஏதும் நடந்தால், நான் மறித்ததால்தான் என்று அக்கா அழக்கூடாது.