தொட்டில் ஸ்பிரிங் மேல் ஒரு புகார்

7.6.99 திங்கள்
அனல். கடல் காற்று மூன்று மணிக்குத்தான் வந்தது. சின்னவனுக்கு இடது கையில் மாவுக்கட்டு, இன்னும் மூன்று வாரத்துக்கு. உள்ளே அரிக்கிறது போல. ஒரே அழுகை.

சனிக்கிழமை தொட்டில் ஸ்பிரிங்கின் கொக்கி விரிந்து கீழே விழுந்தான். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹார்பர் வேலை முடித்து வந்ததும் இவருக்கு இதே பேச்சு. "நீ பி.காம் படிச்சவதானே? கடைக்காரனுக்கு நறுக்குன்னு ஒரு லெட்டர் போடு. கன்ஸ்யூமர் கோர்ட்டுன்னு எழுது. அப்பத்தான் பேஜாரு ஆவான்."

எழுதினேன். 'தொட்டிலில் ஏழு மாதக் குழந்தை மட்டுமே இருந்தது.' ரிஜிஸ்டர் தபால்.

மட்டுமே! மூத்தவள் கவியும் இருந்தாள். நான்தான் தூக்கி உட்கார வைத்தேன், குழம்பு தாளிக்கும்வரை இரண்டும் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று. நாலு வயது, பதினாலு கிலோ. ஸ்பிரிங் அட்டையில் பத்து கிலோ வரைதான் என்று இங்கிலீஷில், பொடி எழுத்தில். வாங்கிய அன்றே படித்தேன்.

இவருக்குத் தெரியாது. கவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன், யார் கேட்டாலும் நீ ஏறலை என்று. தலையாட்டினாள்.

10.6.99 வியாழன்
பகல் முழுக்க கரன்ட் இல்லை. ரேஷனில் பாமாயில் வரவில்லை.

சாயங்காலம் கடை அண்ணாச்சியே வீட்டுக்கு வந்துவிட்டார். சண்டைக்கு என்று நினைத்தேன். கையில் பிஸ்கட் பாக்கெட். சின்னவனின் கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, லெட்டர் என்னத்துக்கு? ஆள் விட்டா நானே வந்திருப்பேன்லா. ஒத்தப் பிள்ளைக்கே கொக்கி விரியுதுன்னா அது என்ன சரக்கு? பூராத்தையும் விக்காம இறக்கி வச்சிட்டேன். கம்பெனிக்காரன்கிட்ட நான் கேக்கேன்."

காபி கொடுத்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் போனதும் இவருக்குச் சிரிப்பு. "பாத்தியா, ஒரு லெட்டருக்கே மாமு வூடு தேடி வந்துட்டாரு. கேஸு போட்டா இன்னா ஆவாரு?" சனிக்கிழமை நுகர்வோர் சங்கத்துக்குப் போய்க் கேட்டு வரச் சொன்னார்.

12.6.99 சனி
திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட அறை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர். சின்னவன் இடுப்பில், கவி என் கையைப் பிடித்துக்கொண்டு.

சங்கத்து வக்கீலம்மாவுக்கு என் வயதிருந்தால் அதிகம். பில், அட்டை, டாக்டர் சீட்டு, கொக்கி விரிந்த ஸ்பிரிங், எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். புகார் கொடுக்க இரண்டு வருடம் வரை நேரம் உண்டாம். வக்கீல் வைக்காமல் நானே பேசலாமாம். பிறகு என் லெட்டரின் நகலைப் படித்தார்.

"அடிபட்ட விஷயம்னா முதல் லெட்டர் எழுதறதுக்கு முன்னாடியே வந்திருக்கணும்மா. நீங்க எழுதினதைத்தான் நாளைக்கு உங்க முன்னாடியே வாசிச்சுக் கேள்வி கேப்பாங்க. எல்லாம் உண்மைதானே?"

நான் வாயைத் திறக்குமுன் கவி, "நான் தொட்டில்ல ஏறவே இல்ல ஆன்ட்டி."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "உன்னை யாரும்மா கேட்டா?"

"அம்மாதான் சொல்லச் சொன்னாங்க."

பெஞ்சில் யாரோ, "அடிப்பாவி, கொயந்தையைப் போயி..."

காது எரிந்தது. வக்கீலம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கொக்கி நிஜமாவே மட்டமா இருக்கலாம். சோதிச்சுப் பாக்கச் சொல்லலாம். ஆனா நடந்ததை நடந்தபடி சொன்னாத்தான் அதைக் கேக்க முடியும். லெட்டரைத் திருத்தி எழுதி எடுத்துட்டு வாங்க."

திரும்பி வரும்போது ரயிலில் கவி என் பக்கம் சாயவே இல்லை.

13.6.99 ஞாயிறு
மீன் வாங்கவில்லை. சாம்பார்.

காலையில் இவரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த ஆளு பிஸ்கட் எத்துகினு வந்தாரேடி." அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புது லெட்டர். 'தொட்டிலில் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். மூத்தவளை உட்கார வைத்தது நான்.' இந்த இரண்டு வரிக்கு நாலு தாள் கிழித்தேன். வக்கீலம்மாவிடம் காட்டிவிட்டு அண்ணாச்சியிடம் நேரில் கொடுக்க வேண்டும். தபாலில் இல்லை.

கவியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "உன்மேல தப்பே இல்லடா. அம்மாதான் உட்கார வச்சேன். இனிமே யார் கேட்டாலும் நடந்ததைச் சொல்லு."

ரொம்ப நேரம் என் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஏறினேனாம்மா?"