எட்டாயிரத்தில் வைத்த மவுஸ்

ஞாயிறு, இரவு.

வண்ணாரப்பேட்டை கேமிங் சென்டரில் இன்று துப்பாக்கிச் சுடும் கேம் போட்டியின் அரையிறுதியில் தோற்றோம். என்னால்தான் தோற்றோம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மை எனக்கும் எங்கள் கேப்டன் சதீஷுக்கும் மட்டும் தெரியும்.

மவுஸ் தன் நகர்வை நொடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும் என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். நான் ஆயிரத்தில் வைத்திருந்தேன். அதற்கு மேல் போனால் அந்தப் பழைய கம்ப்யூட்டர் திணறும். நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சதீஷ் அதை எட்டாயிரமாக மாற்றியிருக்கிறான். ஆட்டம் சூடுபிடித்ததும் திரை திக்கித் திக்கி நகர்ந்தது. நான் சுட்ட ஒன்றுகூடக் குறியில் படவில்லை.

முடிந்ததும் செட்டிங்கைத் திறந்து அவனிடம் காட்டினேன்.

"ஜாஸ்தி வச்சா நல்லா ஓடும்னு நெனச்சேன், மலரு. வுட்டுடு."

"அப்போ பசங்ககிட்ட நீயே சொல்லு."

போய்ச் சொன்னான். "இன்னாடா பண்றது, பொண்ணுக்குக் கை நடுங்கிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் செட்டிங்கை விளக்க விளக்க, சாக்கு சொல்கிறேன் என்று இன்னும் சிரித்தார்கள். மவுஸைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறித் தனியாகத் திருவொற்றியூர் வந்தேன்.

வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "இன்னாடி, தோத்துட்டியா? வுடு, அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றாள்.

அடுத்த தபா இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் சதீஷ் புது டீம் பட்டியல் போட்டிருக்கிறான். என் இடத்தில் அவன் மாமா பையன். அதற்கு முதல் ஆளாகக் கைதட்டியிருப்பவன், அதே டீமில் ஆடும் என் தம்பி. இதோ, பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்குகிறான்.