உப்பு போட்ட கடைவாய்ப் பல்

ஆம்பூர்,
17.8.2008

அன்பு மகன் அபினேஷுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், என் வாய்க்குள்ளே குடியிருக்கிறவர்கள் மட்டும்தான் சுகமில்லை. எத்தியோப்பியாவில் நீயும் உன் தோல் டேனரியும் உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். இங்கே மழை கம்மி, வெயில் ஜாஸ்தி. அம்மா ஸ்கூலில் ரிடையர் ஆனதிலிருந்து அதட்டுவதற்குப் பிள்ளைகள் கிடைக்காமல் என்னை அதட்டிக்கொண்டிருக்கிறாள், நானும் பெஞ்சு மேல் ஏறாத குறைதான்.

என் பல் விஷயத்தை போனில் கேட்டாய், அதெல்லாம் போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. கீழே முன்பல் நாலும் ஆடுகிறது, ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறது. இப்படியே விட்டால் நாலையும் எடுக்கவேண்டும், எடுத்தால் சபை பேண்டில் டிரம்பட் ஊத முடியாது, உதட்டுக்கு முட்டுக் கொடுக்கப் பல் வேண்டும். என் ஊதல் ஒன்றும் பெரிய ஊதல் இல்லை, அடக்கத்தில் நான் வாசித்தால் பெட்டிக்குள் இருக்கிறவரே எழுந்து போதும் நிறுத்துப்பா என்பார் என்று உன் அம்மா சொல்கிறாள். இருந்தாலும் வேலை விட்டு வந்தவனுக்கு சனிக்கிழமை பிராக்டிஸ் ஒன்றுதான் போக ஒரு இடம், அதுவும் போனால் நான் இன்னா செய்வேன்.

அதனால் வேலூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பூரணி என்று ஒரு டாக்டர் பொண்ணு, குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பொண்ணு. அவள் சொன்னது, பல் எலும்பில் ஆணி மாதிரி அடித்து வைத்தது இல்லையாம், நடுவில் மெல்லிசாக ஒரு சவ்வு நூல் நூலாக இழுத்துப் பிடித்திருக்கிறதாம், அந்தச் சவ்வில் ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறதாம், அது தன்னைப்போல் வளர்ந்து சவ்வாகவும் எலும்பாகவும் ஆகுமாம். எதற்கும் உதவாமல் கோடியில் நிற்கிற என் கடைவாய்ப் பல் ரெண்டில் ஒன்றைப் பிடுங்கி, அதன் வேரில் ஒட்டியிருக்கிற சவ்வை லேபில் வளர்த்து, முன்பல் ஈறுக்குள் வைத்துப் பார்க்கலாம், இது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, சம்மதமா என்று கேட்டாள். எனக்கு அப்போதே சந்தேகம். என் வாய்ச் சதையை என் கண்ணுக்குத் தெரியாத ரூமில் வளர்ப்பார்களாம், அங்கே இன்னும் எத்தனை பேர் பல் இருக்கிறதோ. நம் கம்பெனியில் ரெண்டு பார்ட்டித் தோலை ஒரே டிரம்மில் போட்டுவிட்டு எது யாருடையது என்று தெரியாமல் மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்த கதை உனக்குத் தெரியும். எவனோ ஒருத்தன் சவ்வு என் ஈறில் வந்து உட்கார்ந்தால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்.

இருந்தாலும் அரை மனசாகத் தலையாட்டினேன். பல்லைப் பிடுங்கினதும் அவள் அதை ஒரு சின்ன பாட்டிலில் ரோஸ் கலர் தண்ணிக்குள் போட்டாள். நான் வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்னிடமே கொடு, யோசித்து நாளைக்கு எடுத்து வருகிறேன் என்று சைகையிலே சண்டை போட்டேன். அவள் வேண்டாம் ஐயா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்து, கடைசியில் பாட்டிலைத் திறக்காதீங்க, அப்படியே காலையில் கொண்டுவாங்க என்று கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தத் தண்ணி மேலேயே எனக்குச் சந்தேகம். கலர் தண்ணியில் போட்ட எந்தச் சரக்கும் போட்டபடி வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அதைக் கொட்டினேன். பல் வேரில் சதை ஒட்டிக்கொண்டிருந்தது. நீயும் தோல் ஆள், சதையோடு விட்டால் பச்சைத் தோல் அழுகி என்ன கதியாகும் என்று உனக்குச் சொல்லவேண்டாம். பேனாக்கத்தியால் பளிச்சென்று சுரண்டி எடுத்துவிட்டு, கல்லுப்பை நுணுக்கி நாலு பக்கமும் தேய்த்து, துணியில் முடிந்து வைத்தேன். தோலைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷனுக்குப் போனால் முதல் கிரேடு.

காலையில் அதை டாக்டர் கையில் கொடுத்தேன். முடிச்சை அவிழ்த்து, பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, ஐயா பல்லு ரொம்ப சுத்தமா இருக்கு, எனக்கு வேண்டியிருந்தது நீங்க சுரண்டிப் போட்டதுதான், மிச்சம் ஒட்டியிருந்ததும் உப்பில் செத்துப்போச்சு என்றாள். உன் அம்மா ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்கவில்லை, இந்த மனுஷனை விட்டால் தன் பிணத்துக்கும் தானே உப்பு தடவிக்கொண்டு படுப்பார் என்று சொல்லிச் சிரித்தாள், நர்சுகளும் சிரித்தார்கள், நானும் வேறு வழியில்லாமல் வீங்கின கன்னத்தோடு சிரித்தேன்.

இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு கடைவாய்ப் பல். கொடுத்தால் கண்டிப்பாக வளருமா என்று கேட்டேன். வளரலாம், வளராமலும் போகலாம், முன்பல் போனாலும் போகலாம் என்றாள். தன் சரக்கில் இருக்கிற ஓட்டையைத் தானே விரல் வைத்துக் காட்டுகிற ஆளை நான் நம் தோல் மண்டியில் பார்த்ததில்லை, அதனால் நம்பலாம் என்று தோன்றியது, பஸ் ஏறினதும் இது அதைவிடப் பெரிய தந்திரமோ என்று தோன்றியது. புத்தி அப்படி, நாற்பது வருஷம் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிவிட்டது.

ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள், இந்த ஈறு வியாதி சில குடும்பத்தில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் வருமாம், பிள்ளைகள் இருக்காங்களா என்று கேட்டாள். ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது வாஷ்பேசினில் சிவப்பாகத் துப்பியிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு பிரஷ் புதுசு என்றாய். நான் நம்பவில்லை, பிரஷ்ஷையும் எடுத்துப் பார்த்தேன், அது பழசு.

அதனால் வருகிற வியாழக்கிழமை அந்தப் பல்லையும் கொடுக்கப் போகிறேன். பிடுங்கின கையோடு பாட்டிலில் போட்டு அவர்களே எடுத்துப் போகட்டும், நான் எட்டிப் பிடுங்காமல் இருக்க அம்மா என் ரெண்டு கையையும் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு வளர்ந்தால் சந்தோஷம். வளராவிட்டால் ஏன் வளரவில்லை என்றாவது அந்தப் பொண்ணுக்குத் தெரியட்டும், நீ என் வயசுக்கு வரும்போது அவர்கள் கை இன்னும் திருந்தியிருக்கும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். நீ அங்கே உடனே ஒரு பல் டாக்டரிடம் போ. அவர் சொன்னதைக் கடிதத்தில் எழுது, அவர் கையெழுத்தும் இருக்கட்டும், நீ சொன்னால் நான் நம்பமாட்டேன்.

உன் வாயையும் சேர்த்துக் கவலைப்படும்
அப்பா,
ஆபேல்