தட்டில் அவள் பாதி

திக்கிம்த் மாதம் 9, செவ்வாய்

நேற்றிரவும் நாற்காலிதான். படுத்தால் புளிப்பு தொண்டைவரை எதுக்களித்து வருகிறது. உட்கார்ந்தால் தூக்கம் வருவதில்லை. நிற்கலாம் என்றால் நான் என்ன கழுதையா, நின்றுகொண்டே தூங்க?

காலையில் சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் சின்னப் பெண், ஆனால் பேச்சில் தயவு தாட்சண்யம் இல்லை. "ஐயா, மாத்திரை பாதிதான் கேக்கும். மீதி உங்க கையிலதான் இருக்கு. பொழுது சாயுறப்பவே சாப்பிட்டு முடிச்சிடுங்க. சாப்பிட்ட வயித்தோட படுக்காதீங்க. காரம் வேண்டாம்."

"அம்மா, என் பெண்டாட்டி சந்தையில மிளகாய்ப் பொடி விக்கிறா" என்றேன்.

சிரித்துவிட்டாள், பாவி.

திக்கிம்த் 10, புதன்

வெறும் வயிற்றில் காப்பி குடித்தேன். யாரையும் நொந்து பயனில்லை.

திக்கிம்த் 13, சனி

பெண்டாட்டியிடம் சொல்லிவிடலாமா? 'அஸ்கலே, நீ வரும்வரை என்னால் காத்திருக்க முடியாது, நான் முன்னாலேயே சாப்பிட்டுவிடுகிறேன்.' அவ்வளவுதான் விஷயம். இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஒருமுறை உப்பு கேட்டேன், இன்னொரு முறை மழை வருமா என்று கேட்டேன்.

கடையைக் காலையிலேயே திறந்தாலும் அவளுக்கு வியாபாரமே சாயங்காலம்தான். ஆபீஸ் விட்டுப் போகிறவர்கள் வாங்கி முடித்து, அவள் கடை கட்டி வீடு வரும்போது நன்றாக இருட்டிவிடும். பிறகு இஞ்செரா அப்பத்தை விரித்து, நடுவில் குழம்பை ஊற்றி, இருவரும் ஒரே தட்டில் கை வைப்போம். கடைசியில் தன் கையால் ஒரு பெரிய உருண்டை செய்து என் வாயில் திணிப்பாள். அந்தக் குர்ஷாவை மறுத்தால் வீட்டில் இழவுதான். என் நெஞ்சில் எரிகிற தீயில் பாதி அந்த ஒரு வாய்தான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

அதைவிடப் பெரிய பயம் வேறு. போன வருடம் ஆசிரியர் பயிற்சிக்காக நான் பஹிர்தார் நகரத்துக்குப் போயிருந்தபோது இவள் ரொட்டியும் தேநீருமாகவே கிடந்திருக்கிறாள். சந்தையில் மயங்கி விழுந்து, பக்கத்துக் கடை ஜெய்னபாதான் தண்ணீர் தெளித்து எழுப்பினாளாம். திரும்பி வந்து பார்த்தால் உடம்பில் துணி நிற்கவில்லை. டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார், இன்னொரு தடவை இப்படி ஆனால் இதயம் தாங்காது என்று. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "தனியா தட்டு முன்னால உக்காந்தா தொண்டை அடைச்சுக்குது, நான் என்ன செய்ய?" என்றாள். மகள் துபாய்க்குப் போனதிலிருந்து இந்தத் தட்டில் கை வைக்க எங்களை விட்டால் வேறு யார்?

நான் முன்னால் சாப்பிட்டால் அவள் சாப்பிட மாட்டாள். அவளோடு சாப்பிட்டால் நான் தூங்க மாட்டேன்.

திக்கிம்த் 16, செவ்வாய்

வெட்கக்கேடு.

ஏழாம் வகுப்பில் அபாய் நதியின் படத்தை வரையச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது மணிச் சத்தம்தான். நிமிர்ந்து பார்க்கிறேன், அறுபது பிள்ளைகளும் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. சந்தைக் கடை மாதிரி கத்துகிற வகுப்பு இது! ரெதியெத் என்ற பெண் கதவருகே காவல் நிற்கிறாள், தலைமை ஆசிரியர் வந்துவிடக் கூடாது என்று. கரும்பலகையில் யாரோ நதியை வரைந்திருந்தார்கள். ஏரியிலிருந்து இறங்கித் தெற்கே சுற்றி மேற்கே திரும்புகிற வளைவு அச்சாக இருந்தது.

"சார், நீங்க குறட்டை விடலை" என்றாள் ரெதியெத். பிறகு மனசு கேட்காமல், "கொஞ்சமாத்தான்."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொட்டாவி விடுவது போல நடித்துத் துடைத்துக்கொண்டேன்.

திக்கிம்த் 17, புதன்

செய்தி சந்தைக்குப் போய்விட்டது. "என்ன வாத்தியாரே, சம்பளம் வாங்கிக்கிட்டு தூங்குறியாமே? எனக்கும் அப்படி ஒரு வேலை பாத்துக் குடேன்" என்று அஸ்கலே கேலி செய்தாள். சிரித்தாளே ஒழிய, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மனசில் ஏதாவது கவலையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

திக்கிம்த் 20, சனி

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நல்ல வழியா என்று தெரியவில்லை.

மூன்று நாளாக வெயில் இறங்குவதற்குள் கொஞ்சம் கஞ்சி வைத்துக் குடித்துவிடுகிறேன், காரமில்லாமல். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் தடயம் இல்லை. அவள் வந்ததும் பசித்தவன் போலத் தட்டு முன்னால் உட்காருகிறேன். இஞ்செராவைக் கிள்ளுகிறேன், குழம்பில் தொடுவது போலத் தொடுகிறேன், பேச்சு கொடுத்துக்கொண்டே அவள் பக்கம் தள்ளிவிடுகிறேன். அவள் சாப்பிடுகிறாள். குர்ஷா மட்டும் தப்பவில்லை. "என் மேல ஆணை, வாங்கிக்கோ" என்று வாயருகே நீட்டும்போது வாங்காமல் என்ன செய்வது?

ஆனாலும் நேற்று பாதி இரவு படுத்துத் தூங்கினேன். கட்டிலில், மனுஷன் மாதிரி! பெண்டாட்டியை ஏமாற்றி வாங்கிய தூக்கம்தான், இருந்தாலும் ருசியாகத்தான் இருந்தது.

திக்கிம்த் 23, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தட்டு காலியாகுறது என் பக்கம், குழம்பு சேருறதும் என் பக்கம். எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நினைச்சியா? என்கூட சாப்பிடப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லு."

சொன்னேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன். எரிச்சல், நாற்காலி, நர்ஸ், கஞ்சி, எல்லாம். குர்ஷாவையும் சொல்லித் தொலைச்சேன். அதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம். ஏன்டா சொன்னே, முட்டாளே?

"மூணு மாசமா என் கையால ஊட்டினதை விஷம் மாதிரி முழுங்குனியா?" என்றாள். அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள். பிறகு தட்டை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். நானும் தொடவில்லை.

திக்கிம்த் 24, புதன்

காலையில் கிளம்பும்போது உத்தரவு. "இனிமே நீ பொழுதோட சாப்பிட்டுடு. எனக்காகக் காத்திருந்தா பாரு. நான் கடையிலேயே ஜெய்னபாகூட சாப்பிட்டுக்கிறேன்."

அப்பாடா. இவ்வளவு சுலபமா? இதற்காகவா இத்தனை நாள் செத்தேன்?

திக்கிம்த் 27, சனி

தூங்கினேன். நேற்றும் தூங்கினேன். முந்தாநாளும் தூங்கினேன்.

திக்கிம்த் 29, திங்கள்

அஸ்கலே கை கழுவும்போது கல்யாண மோதிரம் விரலிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. "சோப்பு" என்றாள். போன மாதம் அதே மோதிரத்தைச் சோப்பு போட்டும் கழற்ற முடியவில்லை.

திக்கிம்த் 30, செவ்வாய்

பள்ளி விட்டதும் சந்தைக்குப் போனேன். அஸ்கலே மூட்டை எடுக்கப் போயிருந்தாள். ஜெய்னபா வெண்ணெய்ப் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் சேர்ந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தேன்.

"சேர்ந்தா? என் தட்டுல ஒரு நாள் கை வெச்சிருப்பாளா அவ? தேத்தண்ணிதான். சாப்பிடுடின்னு கூப்பிட்டா, வீட்டுல வாத்தியார் எனக்காகக் காத்துக்கிட்டிருப்பார்ங்கிறா."

வீட்டுக்கு எந்த வழியாக நடந்து வந்தேன் என்று தெரியவில்லை. அவ பட்டினி கிடந்திருக்கா, நான் குறட்டை விட்டிருக்கேன். ஆறு நாள்! மறுபடி விழுந்தா? ஜெய்னபா பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்து விழுந்தா?

ஹிதார் மாதம் 1, புதன்

இன்று கடைசி இரண்டு பாடவேளைக்கு விடுப்பு கேட்டேன். தலைமை ஆசிரியர் காரணம் கேட்டார். சமைக்கணும் என்றேன். சீட்டில் கையெழுத்து போட்டுவிட்டார்.

கடலைமாவுக் குழம்பு. மிளகாய் கிடையாது, வெங்காயமும் கொஞ்சமாக. வெளுத்துப்போய் நோயாளி மாதிரி இருந்தது, இருந்தாலும் உப்பு சரியாக விழுந்துவிட்டது. பெரிய தட்டில் இஞ்செராவோடு எடுத்து வைத்து, தோல் போர்த்திய கூடையில் வைத்து மூடி, தோளில் மாட்டிக்கொண்டு சந்தை நடுவே நடந்தேன். ஆம்பிளை சோறு சுமந்து வருவதைப் பார்த்துக் கருவாட்டுக்காரி முதல் கழுதைக்காரன் வரை எல்லோருக்கும் சிரிப்பு.

"அடியே அஸ்கலே! உனக்குப் புது மருமக வந்திருக்கா, பாரு!" என்று கத்தினாள் ஜெய்னபா.

அஸ்கலேக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "போய்யா வீட்டுக்கு. மானம் போகுது."

"போகட்டும். எனக்கு இப்பதான் பசிக்குது. தனியா சாப்பிட்டா எனக்கும் தொண்டை அடைக்குது" என்றேன். கூடையைத் திறந்து மிளகாய்ப் பொடிக் குவியல்களுக்கு நடுவில் வைத்தேன்.

எட்டிப் பார்த்தாள். "இதென்ன, வெள்ளை அடிக்கிற சுண்ணாம்பா? மிளகாய் விக்கிறவ கடையில இதை யாராவது பாத்தா நான் நாளைக்கு வியாபாரம் செய்யுறதா இல்லையா?" சொல்லிக்கொண்டே தன் குவியலிலிருந்து ஒரு சிட்டிகை அள்ளித் தட்டின் பாதியில் தூவினாள். அவள் பக்கம் சிவப்பு, என் பக்கம் வெளுப்பு. நடுவில் விரலால் ஒரு கோடு போட்டாள். "தாண்டி வந்தே, கையை உடைச்சிடுவேன்."

சாப்பிட்டாள். கடவுளே, என்ன பசி பசித்திருக்கிறாள்! ஒவ்வொரு வாயும் எனக்கு இனித்தது.

முடியும் நேரத்தில் அவள் கை பழக்கத்தில் உருண்டை பிடித்தது. பாதியில் நின்றது. என்னையே பார்த்தாள். அதை வைத்துவிட்டு, விரலைக் கழுவிக்கொண்டு, என் பக்கத்திலிருந்து சுண்டைக்காய் அளவு ஒன்று எடுத்து நீட்டினாள். முப்பத்தோரு வருடத்தில் இவ்வளவு சின்னக் குர்ஷாவை நான் பார்த்ததில்லை. ஜெய்னபா மறுபக்கம் திரும்பி வெண்ணெயை நிறுக்க ஆரம்பித்தாள், வாங்குபவர் யாரும் இல்லாமலேயே.

ஹிதார் 7, செவ்வாய்

தினமும் கூடை. இப்போது யாரும் சிரிப்பதில்லை. கருவாட்டுக்காரி என் குழம்பில் பூண்டு போதவில்லை என்கிறாள்.

ஹிதார் 12, ஞாயிறு

வயிறு முழுக்க அடங்கிவிடவில்லை. நேற்று புளிப்பு வந்தது, ஆளிவிதைத் தண்ணீர் குடித்துச் சாய்ந்துகொண்டேன், போய்விட்டது. மகள் போனில், "அப்பா, ஊரே உங்க சமையலைப் பத்திப் பேசுதாமே" என்று சிரித்தாள். அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். சாப்பிடுகிறாள் என்றேன். எவ்வளவு நாளாயிற்று இப்படிப் பொய்யில்லாமல் ஒன்றைச் சொல்லி!

ஹிதார் 14, செவ்வாய்

நல்ல தூக்கத்தில் மூக்குக்குக் கீழே ஏதோ உரசியது. கண் திறந்தால் அஸ்கலேயின் கை.

"என்னடி?"

"மூச்சு வருதான்னு பாத்தேன். அசையவே இல்லையே நீ."

தூங்குகிறவனை எழுப்பிக் கேட்கிற கேள்வியா இது என்று திட்டினேன். அவள் இருட்டிலேயே சொன்னாள். "அந்த மூணு மாசமும் நீ எந்திரிக்கிறப்பல்லாம் நானும் முழிச்சிடுவேன். நாற்காலி கிரீச்னதும் தூக்கம் போயிடும். கண்ணை மூடிக்கிட்டே கிடப்பேன்."

"ஏன் ஒரு வார்த்தை பேசலை?"

"நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா உடனே வந்து படுத்துப்பே. படுத்தா உனக்கு ஏதோ கஷ்டம்னு மட்டும் தெரியும். என்னன்னு தெரியாது. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மோதிரம் விரலில் இறுக்கமாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள்.

இப்போது நன்றாக விடிந்துவிட்டது. ஜெய்னபா ஆள் அனுப்பிக் கேட்டாள், ஏன் இன்னும் கடை திறக்கவில்லை என்று. அஸ்கலே தூங்குகிறாள், எழுப்ப மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.