கேப்டனின் கையுறை

தோஸ்த்,

நம் விண்கப்பல் தொடரை வாரப் பத்திரிகை மறுபடி தொடங்கிக் கெடுத்துவிட்டது. பழைய தொடரில் நாயகன் வீரபாகு எஞ்சின் துடைக்கும் கூலியாள், கை வெந்தவன். தோல் பதனிடும் ஷாப்பில் நீயும் கூலியாக இருந்தபோது, சுண்ணாம்புக் குழி ஓரம் உட்கார்ந்து நீ உரக்கப் படிப்பாய். இப்போது அவன் வெள்ளைக் கையுறை போட்ட கேப்டனாம்!

நேற்று டீக்கடையில், "இப்பதான்டா டீசன்டா இருக்கான்" என்றாய்.

"குழியில எறங்குறவன் கிளவுஸ் கேட்டா ஸ்டாக் இல்லன்ற சூப்பர்வைசரு வேற இன்னா சொல்வான்?" என்றான் என்னோடு குழியில் இறங்கும் காசி, உன் முகத்தைப் பார்த்தே. எல்லாரும் சிரித்தார்கள்; நீயும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது யார் கையெழுத்து என்று யோசிக்காதே. சுண்ணாம்பு தின்ற விரல்களால் பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்ல, தங்கச்சி எழுதுகிறாள்.

உன் கேப்டனின் கையுறையைக் கழற்றிக் குழிக்கு அனுப்பு.

இப்படிக்கு,
குழியிலேயே இருப்பவன்